பொறுமை என்றால் வாய்மூடி இருப்பதா?

பிள்ளை பிறந்ததும் குளிப்பாட்டித் துணியில் சுற்றி எடுத்து வந்து, வலக்காதில் பாங்கு சொல்லச் சொல்கிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்கள் பிறந்தபோது அவர்களின் காதில் பாங்கு சொன்னதைக் கண்டதாக அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி திர்மிதீயில் வந்துள்ளது. மனிதன் இவ்வுலகில் பெறும் முதல் உபசாரம் அவன் காதுக்குத்தான். திருமறையும் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 78ஆம் வசனத்தில், நாம் ஏதும் அறியாதவர்களாகத் தாயின் வயிற்றிலிருந்து வெளிவந்ததை நினைவூட்டிவிட்டு, இறைவன் நமக்களித்த கொடைகளை எண்ணும்போது செவியையே முதலில் வைக்கிறது.

பிள்ளையின் காதில் இத்தனை அக்கறை கொள்ளும் நாம், அதே அறையில் படுத்திருக்கும் தாயின் காதைப் பற்றி என்றாவது விசாரித்ததுண்டா?

இந்தக் கேள்வி நமக்குத் தானாகத் தோன்றியதன்று. ஒரு குடும்பம் நமக்குக் கற்பித்தது.

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது தாமல். பெரிய ஏரியும் வயல்களும் கோயில்களும் உள்ள ஊர். காஞ்சிப் பட்டு நெய்யும் தறிகளின் ஓசை அந்தப் பக்கத்து மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார்.

“ஹஜ்ரத், வீட்டில ரெண்டாவது பிள்ளை பிறந்து ரெண்டு மாசம் ஆகுது. காதுல ஏதோ இரையுதுன்னு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கா. கொஞ்சம் தண்ணி ஓதிக் கொடுங்க” என்றார்.

ஓதிக் கொடுத்தோம். “பிள்ளை பெற்ற உடம்பு, போகப் போகச் சரியாகிவிடும். பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். பொறுமைக்குப் பெரிய கூலி உண்டு” என்று உபதேசமும் செய்தோம். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு வீடு திரும்பினோம்.

மூன்று வாரங்கள் கழித்து அவர் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்தார். அந்தச் சகோதரி நம் வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து நம்மிடமும் பேசினார்.

இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்தபோதே இடக்காதில் வண்டு ரீங்காரமிடுவது போல ஓர் ஓசை தொடங்கியிருக்கிறது. பிரசவத்திற்குப் பின் அது பெரிதாகி, வலக்காதிலும் மெல்ல மந்தம் கண்டிருக்கிறது. நாற்பது நாள் கழிந்ததும் பக்கத்துத் தறி வீட்டில் தார் சுற்றும் வேலைக்குப் போகத் தொடங்கினார். அங்கே தறி ஓடும்போது ரீங்காரம் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவதும் நன்றாகக் கேட்கிறது. வீட்டில் அமைதியாக இருக்கும்போதுதான் மாமியார் கூப்பிடுவது கேட்பதில்லை. “அங்கே போனா எல்லாம் கேக்குது, நான் கூப்பிட்டா மட்டும் கேக்கலையா?” என்று மாமியார் வருந்தியிருக்கிறார். அவர் கேட்டதிலும் நியாயம் இருப்பதாகவே எல்லோருக்கும் தோன்றியது.

பிறகு ஒரு நாள் இரவு, அசதியில் அந்தச் சகோதரி நன்றாகக் கேட்கும் காதைத் தலையணையில் வைத்து உறங்கிவிட்டார். பக்கத்திலேயே பிள்ளை தொண்டை கம்மும் வரை அழுதிருக்கிறது. மாமியார் எழுந்துவந்து தூக்கியபோதுதான் இவர் விழித்திருக்கிறார். அன்று முதல் அவர் படுப்பதில்லை. பிள்ளையின் நெஞ்சில் ஒரு கையை வைத்தபடி சுவரில் சாய்ந்தே இரவைக் கழிக்கிறார்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு நம்மிடம் கேட்டார்: “பொறுமையா இருக்கச் சொன்னீங்கன்னு சொன்னாங்க. எனக்கு இப்படி இருக்குன்னு நான் சொன்னதே பொறுமையில்லாத குணமா, ஹஜ்ரத்? லுஹரிலயும் அஸர்லயும் நான் மெதுவா ஓதுறது எனக்கே கேக்கல. சந்தேகம் வந்து பாத்திஹாவைத் திரும்பத் திரும்ப ஓதுறேன். என் தொழுகை கூடுமா?”

நாம் கொடுத்த உபதேசம் அவருடைய சுமையை இறக்கவில்லை. அதன்மேல் இன்னொரு சுமையாக ஏறி உட்கார்ந்திருந்தது. அன்று முதல் இந்த விஷயத்தைக் கிதாபுகளிலும் வைத்தியர்களிடமும் தேடத் தொடங்கினோம். கிடைத்ததை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

பிறர் கேளாத ஓசை

முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி, அவருக்கு மட்டுமே கேட்கும் ஓசையை நாம் எப்படி நம்புவது என்பது.

நமது ஷரீஅத்தில் இதற்கு வழி இருக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 228ஆம் வசனம், தலாக் சொல்லப்பட்ட பெண்கள் தங்கள் கருப்பையில் இறைவன் படைத்ததை மறைக்கலாகாது என்று கூறுகிறது. மறைக்காதே என்று அவளிடம் சொல்வதிலிருந்தே, அந்த விஷயத்தில் அவள் சொல் ஏற்கப்படும் என்று நம் ஃபுகஹாக்கள் விளங்கினார்கள். மாதவிடாயும் கருவும் அவளே அறிந்தவை. இத்தாவின் கணக்கே அவள் வாய்ச்சொல்லை நம்பி நிற்கிறது. அத்தனை பெரிய சட்டத்தை அவள் சொல்லின்மேல் கட்டிய மார்க்கத்தைப் பின்பற்றிக்கொண்டு, காதில் இரைகிறது என்று அவள் சொன்னால் மட்டும் சாட்சி கேட்பது எந்த நியாயம்?

ஒருவேளை மிகைப்படுத்திச் சொல்கிறாளோ என்று சிலர் ஐயுறக்கூடும். அவள் சொன்னது தவறாயிருந்து நாம் நம்பிவிட்டால் நமக்கு நஷ்டம் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும். அவள் சொன்னது உண்மையாயிருந்து நாம் நம்பாவிட்டால் நஷ்டம் ஒரு தாயின் செவி. எந்த நஷ்டத்தை ஏற்கலாம் என்பதை அறிவுள்ளவர் முடிவு செய்துகொள்ளலாம்.

வைத்தியர்கள் இந்த ஓசைக்குச் சொல்லும் விளக்கமும் எளியதே. உட்காதில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் அதனுள் சுமார் 15,000 நுண்ணிய செல்கள் ஒலியைப் பெற்று மூளைக்கு அனுப்புகின்றன. காதிலிருந்து வரவேண்டிய ஒலி குறையும்போது, மூளை அதைத் தேடித் தன் கவனத்தைக் கூட்டிக்கொள்கிறது. நிலையம் சரியாகக் கிடைக்காத ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல் கேட்கிறதல்லவா? ஏறக்குறைய அதுபோலத்தான். இரைச்சல் உள்ளேயே பிறப்பதால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பதில்லை. கேட்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

பொறுமையின் பொருள்

துன்பத்தை வெளியே சொல்வது பொறுமைக்கு மாறானதா?

அய்யூப் (அலை) அவர்கள் தமக்குத் துன்பம் நேர்ந்ததாக இறைவனிடம் முறையிட்டதை அல்அன்பியா அத்தியாயம் கூறுகிறது. அதே நபியைப் பொறுமையாளராகக் கண்டதாக ஸாத் அத்தியாயத்தில் அல்லாஹ் பாராட்டுகிறான். முறையிட்டதால் அவர்களின் பொறுமைப் பட்டம் பறிபோகவில்லை.

இது படைத்தவனிடம் சொன்னது, படைப்பினங்களிடம் சொல்லலாமா என்று கேட்கலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை தலைவலி தாளாமல் தம் தலையைச் சொல்லி அரற்றினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை, தம் தலையும் வலிப்பதாகவே பதில் சொன்னார்கள் என்று புகாரீயில் காண்கிறோம். நோயாளி தன் வலியைச் சொல்வது கூடும் என்பதற்கென்றே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ்ஸாலிஹீனில் தனிப் பாடம் அமைத்துள்ளார்கள். இறைவனின் தீர்ப்பின்மீது வெறுப்புக் கொண்டு பேசாதவரை அதில் குற்றமில்லை என்பதே அதன் சாரம். இறைவனைக் குறை கூறுவது வேறு. இறைவன் தந்த உடலின் நிலையை அறியவேண்டியவரிடம் அறிவிப்பது வேறு.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒரு செய்தி நம் கண்ணைத் திறந்தது. வலிப்பு நோயுள்ள ஒரு கறுப்பினப் பெண்மணி பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, நோய் வரும்போது தம் ஆடை விலகிவிடுவதாகவும் தமக்காகத் துஆச் செய்யும்படியும் வேண்டினார். பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமாகத் துஆச் செய்கிறேன் என்று நபியவர்கள் இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். ஆனால் ஆடை விலகாதிருக்கத் துஆ கேட்டார். நபியவர்கள் துஆச் செய்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உண்டு.

பொறுமைக்குச் சான்றாக இதை எத்தனையோ மேடைகளில் நாமே சொல்லியிருக்கிறோம். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். அந்தப் பெண்மணி தாமே வந்து தம் நோயைச் சொன்னார், அதற்காகக் கண்டிக்கப்படவில்லை. பொறுமை அவர்மீது சுமத்தப்படவில்லை, அதைத் தேர்ந்தவர் அவரே. அவர் பொறுமையைத் தேர்ந்த பிறகும், நோயில் எந்தப் பகுதி அவரை வருத்தியதோ அதற்கு நிவாரணம் தேடப்பட்டது.

ஆகவே பொறுமை என்பது துன்பப்படுகிறவர் தம் கையால் எடுத்து அணிந்துகொள்ளும் ஆபரணம். பக்கத்தில் இருப்பவர் அதை எடுத்து அவர் வாயில் அடைத்துவிட்டால் அதற்குப் பொறுமை என்ற பெயர் பொருந்தாது. துன்பப்படுகிறவருக்குக் கடமை பொறுமை என்றால், பக்கத்தில் இருப்பவருக்குக் கடமை கேட்பது. நாம் நம் கடமையை விட்டுவிட்டு அவருடைய கடமையை அவருக்கு நினைவூட்டினோம். அதுவே நாம் செய்த பிழை.

ஓதுவதும் வைத்தியமும்

காது இரைந்தால் நபியவர்களை நினைத்து ஸலவாத்துச் சொல்லவேண்டும் என்று ஒரு ரிவாயத்து நம் வீடுகளில் வழங்குகிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் அத்காரில் அதை எடுத்தெழுதியுள்ளார்கள். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களோ அதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையில் சேர்த்துள்ளார்கள். ஸலவாத்து எந்நேரமும் நன்மையே, நிஃபாஸுடைய நாட்களிலும் சொல்லலாம். ஷிபாவை நாடி ஓதிப் பார்ப்பதும் கூடும். ஆனால் ஓதிய தண்ணீரைக் கொடுத்துவிட்டு வைத்தியரிடம் போகும் வழியை அடைப்பது சுன்னத்தாகாது. நாங்கள் மருந்து செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் வினவியபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்துண்டு என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் விடையளித்ததை உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கி.பி. 1037இல் மறைந்த இப்னு ஸீனாவும் தம் வைத்தியப் பெருநூலான கானூனின் மூன்றாம் பாகத்தில் காது இரைச்சலை ஒரு நோயாகவே எடுத்து ஆராய்ந்துள்ளார்.

பெண் வைத்தியர் கிடைத்தால் நலம். கிடைக்காவிட்டால் கணவரோ மஹ்ரமானவரோ உடனிருக்க, ஆண் வைத்தியரிடம் தேவையான அளவு காட்டிக்கொள்ளலாம் என்று ஃபுகஹாக்கள் அனுமதித்துள்ளனர். காதைக் காட்டுவதற்குக் கூச்சப்பட்டுக் காதையே இழந்துவிடலாகாது.

அந்தச் சகோதரியை அரசு மருத்துவமனை ஒன்றின் காது வைத்தியரிடம் அனுப்பினோம். இசைக்கவையை அதிரச் செய்து காதருகிலும் காதின் பின் எலும்பிலும் வைத்துப் பார்த்தார்கள். பிறகு கருவியால் கேள்திறனை அளந்தார்கள். நடுக்காதில் அங்கவடி எலும்பு என்று ஒன்று உண்டு. சுமார் மூன்று மில்லிமீட்டர் உயரமே உள்ள அதுவே மனித உடலில் மிகச் சிறிய எலும்பு. அது அசைந்தால்தான் ஒலி உள்ளே போகும். அதைச் சுற்றி வேண்டாத எலும்பு வளர்ந்து அதை இறுக்கிவிட்டது என்று கண்டார்கள். ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்பது இந்நோயின் பெயர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருவது. பிள்ளை பெறும் வயதில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். கர்ப்ப காலத்தில் இது முற்றும் என்று வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கருதி வந்தார்கள். பிந்திய ஆய்வுகள் எல்லாமே அதை ஒப்புக்கொள்ளவில்லை.

தறி வீட்டில் நன்றாகக் கேட்டதன் இரகசியமும் அப்போதுதான் விளங்கியது. இரைச்சலுள்ள இடத்தில் எல்லோரும் தம்மையறியாமல் உரக்கப் பேசுகிறார்கள். சுற்றுப்புற இரைச்சலோ, அடைபட்ட காதுக்குள் அவ்வளவாகப் போவதில்லை. அதனால் இந்நோயுள்ளவர்களுக்கு அமைதியான அறையைவிட இரைச்சலான இடத்தில் பேச்சு தெளிவாகக் கேட்கும். நடிப்புக்குச் சான்று என்று வீட்டார் எண்ணியதே நோய்க்கு அடையாளமாக இருந்தது!

இதை முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர். காது கேளாத ஒரு பெண்மணிக்கு அறையில் முரசு கொட்டினால் மட்டும் பேச்சு தெளிவாகக் கேட்குமாம். அவருடன் உரையாடுவதற்காகவே கணவர் முரசடிக்கும் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொண்டதாக 1672இல் வெளியான தம் நூலில் வில்லிஸ் குறிப்பிடுகிறார். மனைவியிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்காகச் சம்பளம் கொடுத்து முரசடிக்க வைத்தார் அந்த மனிதர். நாமோ பக்கத்தில் வந்து முகம் பார்த்துப் பேசுவதற்குக்கூடச் சலித்துக்கொள்கிறோம்.

தொழுகை கூடுமா?

அந்தச் சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். மெதுவாக ஓதும் இடங்களில் தான் ஓதுவது தனக்குக் கேட்கவேண்டும் என்று ஷாபிஈ மத்ஹபில் சட்டமுண்டு. ஆனால் செவி நலமாக இருந்து, சுற்றிலும் கூச்சல் முதலிய தடையும் இல்லாதிருந்தால் என்ற நிபந்தனையையும் இமாம்கள் கூடவே சொல்லியுள்ளார்கள். செவி மந்தமானவர், நல்ல செவியுள்ள ஒருவருக்குக் கேட்கக்கூடிய அளவில் நாவையும் உதட்டையும் அசைத்து ஓதினால் போதும். ஹனபி மத்ஹபிலும் எழுத்துக்களைச் சரியாக உச்சரித்தாலே போதும் என்ற கூற்று உண்டு. ஆகவே தொழுகை கூடும். பாத்திஹாவைத் திரும்பத் திரும்ப ஓதவேண்டியதில்லை. அந்தச் சந்தேகம் வஸ்வாஸ், அதற்கு இடம் கொடுக்கலாகாது. காது கேட்கும் கருவி அணிந்தவர் அதோடே தொழலாம். வுளூவில் காதுக்கு மஸஹுச் செய்யும்போதும் குளிப்பின்போதும் கழற்றி வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டார் செய்யவேண்டியவை

பிரசவத்திற்குப் பின் காது இரைவதற்குக் காரணம் ஒன்றல்ல. இரத்தச் சோகை, இரத்தக் கொதிப்பு, தைராய்டுக் கோளாறு, உறக்கமின்மை, உடல் மெலிவதால் தொண்டைக்கும் காதுக்கும் இடையிலுள்ள குழாய் திறந்தே நிற்பது, காதைத் தாக்கக்கூடிய சில மருந்துகள் என்று பல உண்டு. இவற்றில் பல எளிதில் தீரக்கூடியவை. எனவே பரிசோதனை அவசியம். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றுவதும், குச்சியால் குடைவதும் கூடாது. மருந்து எழுதும் வைத்தியரிடம் பாலூட்டுவதைச் சொல்லிவிடவேண்டும்.

சில அடையாளங்களைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. திடீரென ஒரு காது கேளாமற் போவது, கடுந்தலைவலியோடு கண் மங்குவது, நாடித் துடிப்போடு சேர்ந்து காதில் இரைந்து தலையும் வலிப்பது, முகம் கோணுவது, வலிப்பு வருவது ஆகியவை அவை. காது திடீரென அடைபட்டால் முதல் சில நாட்களுக்குள் செய்யும் வைத்தியத்தில்தான் பலன் அதிகம். மற்ற அடையாளங்கள் உயிருக்கே ஆபத்தைக் காட்டக்கூடியவை. உடனே 108க்குத் தகவல் கொடுக்கவேண்டும்.

இரவில் முழு அமைதியில் இரைச்சல் பெரிதாகத் தெரியும். மின்விசிறியின் மெல்லிய ஓசை இருந்தால் அடங்கித் தெரியும். இதற்காகக் கிராஅத்தை இரவு முழுதும் ஓடவிடலாமா என்று கேட்கிறார்கள். உறக்கம் வரும்வரை செவிதாழ்த்திக் கேட்பது நல்லது. ஆனால் குர்ஆன் ஓதப்பட்டால் கவனித்துக் கேட்கும்படி கட்டளையிடப்பட்டவர்கள் நாம். வெறும் ஓசைக்கு விசிறி போதும். இரவில் ஒரு வேளையேனும் பிள்ளையைக் கணவரோ மாமியாரோ பார்த்துக்கொண்டு தாயை உறங்கவிடவேண்டும். உறக்கம் கெட்டால் இரைச்சலும் கவலையும் ஒன்றையொன்று வளர்க்கும். கூப்பிடும்போது அருகில் வந்து முகம் பார்த்துக் கூப்பிடுவதும் தர்மமே.

எல்லாருக்கும் இரைச்சல் முழுதும் நின்றுவிடும் என்று நாம் வாக்களிக்க முடியாது. சிலருக்கு அது நிலைத்துவிடுகிறது. நாளடைவில் மனம் அதைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகுகிறது. வைத்தியமும் வீட்டாரின் உதவியும் செய்யவேண்டியதைச் செய்து முடித்த பிறகு எஞ்சி நிற்கிறதே, அங்கேதான் பொறுமைக்கு இடம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்?

தாமல் சகோதரிக்கு இப்போது காதுக் கருவி கொடுத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சையும் உண்டாம், அதைப் பிறகு முடிவு செய்யலாம் என்றார்களாம். வெளி ஓசைகள் கேட்கத் தொடங்கியதால் ரீங்காரம் அடங்கித் தெரிகிறது, ஆனால் அறவே நிற்கவில்லை. மாமியார் பிள்ளையின் தொட்டிலைத் தம் கட்டிலருகே மாற்றிக்கொண்டு, பால் வேளைக்கு மருமகளைத் தொட்டு எழுப்புகிறாராம். நாம் அந்த இளைஞரை அழைத்து, முதல் நாள் விசாரிக்காமல் உபதேசம் சொன்னதற்காக இருவரிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னோம்.

கவ்லா (ரலி) என்னும் பெண்மணி தம் கணவர் விஷயமாக நபியவர்களிடம் வாதிட்டு அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அதே வீட்டின் ஓரத்தில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அவர்கள் பேசியதில் சில பகுதி கேட்கவில்லை. ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் அதைக் கேட்டான். தான் கேட்டதாக அறிவித்து அல்முஜாதலா அத்தியாயத்தையே இறக்கினான். செவியும் பார்வையும் இதயமும் மறுமையில் விசாரிக்கப்படும் என்று அல்இஸ்ரா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் எச்சரிக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் சொன்னதைக் கேட்டாயா என்று நம் செவியிடம் அன்று கேட்கப்பட்டால் என்ன விடை சொல்வோம்?

பலவீனத்தின்மேல் பலவீனமாக நம்மைச் சுமந்த தாய்மார்களுக்கு அல்லாஹ் முழு ஷிபாவைத் தருவானாக! அவர்கள் சொல்வதைக் கேட்கும் செவியை நமக்கும் தருவானாக! ஆமீன்.